வரிசையின் மறுமுனை

சர்க்கரை டப்பாவுக்கு எறும்பு வருவது எங்கள் வீட்டில் ஒரு சேதியே இல்லை. திருச்சியை அடுத்த திருவெறும்பூரில், பாதி ஓடும் பாதித் தளமுமாக இருந்த அந்த வாடகை வீட்டில், டப்பாவைத் தண்ணீர்த் தட்டுக்கு நடுவில் வைப்பது அம்மாவின் அன்றாட வேலைகளில் ஒன்று. ஆனால் ஒரு சித்திரை மாதம் எறும்புகள் அடுப்படியை விட்டுவிட்டுப் புழக்கடைக் குளியலறையில் மொய்க்க ஆரம்பித்தன. இனிப்பென்று சொல்ல அங்கே என்ன இருக்கிறது? சிமெண்டுத் தொட்டி, செம்பு, சோப்பு. தண்ணீர் போகும் துவாரத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம் கட்டியிருந்தன. அம்மா பினாயில் ஊற்றினார். மறுநாளும் வந்தன. வெந்நீர் ஊற்றினார். அதற்கு மறுநாளும் வந்தன.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா கிணற்றடியில் நின்று கேட்டார்: "நாலு நாளா எறும்பு எறும்புன்னு பொலம்புறியே, எங்க மொய்க்குதுன்னு பாத்தியாம்மா?"

அம்மா இடத்தைச் சொன்னார். பெரியம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"உன் வீட்டுக்காரர முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. எறும்ப அப்புறம் பாத்துக்கலாம்."

அப்பாவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. தாகம், களைப்பு, ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போவது என்று எல்லாவற்றுக்கும் திருச்சி வெயிலும் ஷிப்டு வேலையும்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தார். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 280 இருந்தது. அதற்குப் பிறகு அவர் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தார். கடைசி வரை இரண்டு கால்களாலும் நடந்தார், கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். அந்த ஆயுளின் ஒரு பங்கை எந்தக் கணக்கில் எழுதுவது என்று நான் யோசிக்கும்போதெல்லாம் குளியலறைத் தரையின் அந்தக் கறுப்பு வட்டம்தான் கண்ணில் வந்து நிற்கும்.

பெரியம்மா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. அவர் சொன்னது மிகப் பழைய அறிவு. சரகர், சுசுருதர் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்கள் தேன்போல் இனிக்கும் சிறுநீரைப் பற்றிப் பேசுகின்றன. அதற்கு மதுமேகம் என்று பெயர். எறும்பும் ஈயும் மொய்ப்பதைக் கொண்டு நோயை அறிவது இந்த மண்ணின் வைத்தியர்களுக்குத் தெரிந்திருந்தது. இங்கிலாந்தின் லிவர்பூலில் மாத்யூ டாப்சன் என்ற மருத்துவர் நோயாளியின் சிறுநீரை வற்றக் காய்ச்சி, மிஞ்சியது சர்க்கரைதான் என்று காட்டியது 1776-இல். ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைத் தடுத்து நிறுத்த முடிவதில்லை, கீழே விட்டுவிடுகிறது. ஆகவே எறும்பு கண்டுபிடிக்கும் சர்க்கரை ஏற்கெனவே முற்றிய சர்க்கரை. இன்றைக்கு யாரும் எறும்புக்காகக் காத்திருக்கக் கூடாது, ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஆனால் எங்களுக்கு அன்று வந்து சொல்ல எறும்பு மட்டும்தான் இருந்தது. நாங்கள் அதன் தலையில் நாலு நாள் பினாயிலை ஊற்றிக்கொண்டிருந்தோம்.

*

வீட்டில் எறும்பை எப்படி ஒழிப்பது என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. இருபது வருடமாகத் தோட்டமும் வீடுமாக இந்த உயிர்களோடு மல்லுக்கட்டிப் பழகியவன் என்பதால் கேட்கிறார்கள். நான் பெரியம்மாவின் கேள்வியைத்தான் திருப்பிக் கேட்கிறேன். எங்கே மொய்க்கிறது? எங்கிருந்து வருகிறது? நம் கண்ணில் படுவது வரிசையின் நடுப்பகுதி. சுவரில் ஊரும் அந்த நாலடி நீளத்தைத் துடைப்பத்தாலும் மருந்தாலும் அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அதன் இரண்டு முனைகளும் நமக்குத் தெரிவதே இல்லை.

அந்த வரிசையில் இருப்பவை யார் என்று தெரிந்தபோது எனக்கு மனம் கொஞ்சம் நின்றுபோனது. எறும்புக் கூட்டத்தில் உழைப்பவை அத்தனையும் பெண்கள். பிறந்த புதிதில் அவை கூட்டின் உள்ளறையில் ராணிக்கும் குஞ்சுகளுக்கும் பணிவிடை செய்கின்றன. வயதாக ஆக வாசலை நோக்கி நகர்கின்றன. வெளியே இரைதேடப் போவது ஆயுளின் கடைசிக் கட்டத்தில். வெயிலும் பல்லியும் நம் கட்டைவிரலும் இருக்கும் வெளிக்குக் கூடு தன் கிழவிகளைத்தான் அனுப்புகிறது. அவர்களை இழந்தால் கூட்டுக்கு நட்டம் குறைவு. உள்ளே ராணி பத்திரமாக இருக்கிறாள். ஐரோப்பியக் கறுப்புத் தோட்ட எறும்பின் ராணி ஒருத்தி வளர்ப்பில் ஏறத்தாழ 29 ஆண்டுகள் வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது. ஒரு தலைமுறை மனிதர்கள் வீடுகட்டி, பிள்ளை வளர்த்து, கடன் அடைக்கும் காலம் அது. நாம் சுவரில் நசுக்குவது இந்த நெடிய வாழ்க்கையின் ஒரு நாள் கூலியைத்தான்.

அந்தக் கிழவிகள் போகும் பாதை வாசனையால் ஆனது. இரையைக் கண்டவள் திரும்பும்போது வயிற்று நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு ஒரு கோடு இழுத்துக்கொண்டே வருகிறாள். அடுத்தவள் அதைப் பிடித்துப் போகிறாள், கிடைத்தால் அவளும் தன் பங்குக்கு இழுக்கிறாள். இரை தீர்ந்தால் யாரும் இழுப்பதில்லை, கோடு ஆவியாகிவிடுகிறது. அமெரிக்க உயிரியலாளர் எட்வர்ட் வில்சன் 1950களின் இறுதியில் இதைச் சோதித்தார். நெருப்பெறும்பின் வயிற்றுக்குள் இருக்கும் நுண்ணிய சுரப்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துக் கண்ணாடிமேல் தீற்றினார். ஒரு சுரப்பியின் கோட்டுக்கு மட்டும் எறும்புகள் கூட்டிலிருந்து பொங்கி வந்தன. கோடு முடிந்த இடத்தில் குழம்பிச் சுற்றின.

அடுப்படியில் சோப்புத் தண்ணீரால் துடைப்பதற்கு இருக்கும் பலன் இதுதான். எறும்பைக் கொல்வதைவிட அந்தக் கோட்டை அழிப்பது பெரிய காரியம். வெறும் துணியால் எறும்பை வழித்துப் போட்டால் கோடு அப்படியே இருக்கும். அரைமணி நேரத்தில் அடுத்த வரிசை அதே இடத்தில் ஊரும். அம்மா மேடையைச் சோப்புப் போட்டுத் துடைத்து, உலர்ந்ததும் மஞ்சள்தூளை ஓரத்தில் தூவுவார். மஞ்சள்தூள் அவர் கொடுத்த மரியாதையான எச்சரிக்கை, வேலை செய்தது சோப்புத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

*

அப்பாவின் வழி வேறாக இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை சாம்பல் வெள்ளையில் ஒரு பொடி வாங்கி வருவார். பி.எச்.சி. பவுடர், சிலர் கமாக்சின் என்பார்கள். பூஞ்சை பிடித்த கோணிபோல் ஒரு வாடை. நிலைப்படி ஓரம், அரிசிக் குதிர் அடியில், துளசி மாடத்தைச் சுற்றி, தொட்டில் கட்டிய உத்தரத்துக்குக் கீழே என்று கையால் அள்ளித் தூவுவார். கையைத் தண்ணீரில் அலசிவிட்டு வந்து சாப்பிடுவார். ஊர் முழுக்க அப்படித்தான் செய்தது. அந்தப் பொடி மண்ணில் எளிதில் சிதைவதில்லை, உடம்பில் கொழுப்பைத் தேடிப்போய்த் தங்குகிறது, தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்கும் போகிறது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. இந்தியாவில் 1997-இல் அது தடை செய்யப்பட்டது. உலகம் முழுவதும் ஒழிக்க வேண்டிய நச்சுகளின் ஸ்டாக்ஹோம் பட்டியலில் அதன் வடிவங்கள் 2009-இல் சேர்ந்தன. எறும்புகள் அந்த வீட்டில் இன்னும் இருக்கின்றன. அப்பா தூவிய பொடியிலும் கொஞ்சம் அந்த மண்ணில் இருக்கக்கூடும்.

இதையே ஒரு நாடு செய்த கதையும் உண்டு. தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த செந்நெருப்பெறும்பு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மொபீல் துறைமுகத்தில் இறங்கியது. அதை அங்கே 1942-இல் பார்த்துக் குறித்து வைத்தவர்களில் ஒருவன் பதின்மூன்று வயதுச் சிறுவன். பின்னாளில் எட்வர்ட் வில்சன் என்று உலகம் அறிந்தவர் அவர்தான். 1957-இல் அரசு இரண்டு கோடி ஏக்கருக்கு ஆகாயத்திலிருந்து டீல்ட்ரின், ஹெப்டாக்ளோர் என்ற நஞ்சுகளைக் கொட்டத் திட்டமிட்டது. பறவைகள் செத்தன, கோழிகளும் கால்நடைகளும் செத்தன. 1962-இல் ரேச்சல் கார்சன் எழுதிய 'மௌன வசந்தம்' இந்தக் கதையை உலகுக்குச் சொன்னது. எறும்பின் பரப்பு சுருங்கவே இல்லை. மற்ற எறும்புகளும் சேர்ந்து அழிந்த வெற்று நிலத்தில் முதலில் குடியேறியது அதுவே. வில்சன் பிற்காலத்தில் இந்தப் போரை வியட்நாமோடு ஒப்பிட்டார்.

இந்தப் பெரிய தோல்விக்கும் அடுப்படியில் ஸ்பிரே டப்பாவை அழுத்தும் நம் விரலுக்கும் இடையில் அளவுதான் வேறுபாடு. ஸ்பிரே நடுவரிசையைக் கொல்லும், கூடு அப்படியே இருக்கும். மருத்துவமனைச் சுவர்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் வாழும் ஃபேரோ எறும்பு என்ற வெளிர்மஞ்சள் நிறத்துச் சிற்றெறும்பின் மேல் அடித்தால் நிலைமை இன்னும் மோசம். தாக்கப்பட்ட கூடு தன்னைப் பிரித்துக்கொள்கிறது. ஒரு பகுதி எறும்புகள் ராணிகளையும் குஞ்சுகளையும் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்த் தனிக்குடித்தனம் வைக்கின்றன. ஒன்றாக இருந்தது நாலாகிறது. எறும்பு சாக்பீஸால் கோடு போடுகிறோமே, அதில் இருப்பது நரம்பைத் தாக்கும் நஞ்சு. பள்ளிக்கூடச் சாக்பீஸைப் போலவே இருக்கிறது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டின் தரையில் அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

*

வரிசையை முனைவரை தொடர்ந்து போனால் என்ன கிடைக்கும் என்பதைச் செம்பருத்திச் செடியிடம் கற்றேன். வாசல் செம்பருத்தியிலிருந்து ஜன்னல் வழியாகக் கட்டெறும்பு வந்துகொண்டே இருந்தது. ஜன்னலை அடைத்தேன், கதவிடுக்கில் வந்தது. ஒருநாள் அவற்றின் பின்னாலேயே போய்ச் செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தேன். கொழுந்துகளின் அடியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. செடியின் சாற்றை உறிஞ்சி, மிகுந்த சர்க்கரையைத் தேன்துளியாகக் கழிக்கும் பூச்சி அது. எறும்பு அதை மாடு மேய்ப்பதுபோல் மேய்க்கிறது. பால் கறக்கிறது, பொறிவண்டு வந்தால் விரட்டுகிறது. கொம்பை வெட்டிப் போட்டேன், மிச்சத்தைச் சோப்புக் கரைசலும் வேப்பெண்ணெயும் கலந்து கழுவினேன். பத்து நாளில் ஜன்னலில் எறும்பு இல்லை. எறும்பின்மேல் நான் கையே வைக்கவில்லை.

கிறிஸ்துமஸ் தீவில் இதே பாடத்தைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான அந்தத் தீவு செந்நண்டுகளால் பெயர் பெற்றது. மஞ்சள் பைத்திய எறும்பு என்ற வந்தேறி அங்கே பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருந்தது. 1989-இல் காட்டுத்தரையை மூடும் பெருங்கூட்டங்களாக அதைக் கண்டார்கள். அதற்குக் கொடுக்கு கிடையாது, ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும். கண்ணிழந்து செத்த நண்டுகள் ஒரு கோடிக்கும் மேல். ஹெலிகாப்டரிலிருந்து நஞ்சிரை போட்டார்கள். குறைந்தது, திரும்ப வந்தது. பிறகுதான் வரிசையின் மறுமுனையைப் பார்த்தார்கள். மரத்தின் மேலே, இன்னொரு வந்தேறியான செதிற்பூச்சி தேன்துளியைச் சொரிந்து இந்தக் கூட்டங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. 2016 டிசம்பரில், அந்தச் செதிற்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் மிகச்சிறு குளவி ஒன்றை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். எறும்பைத் தொடாமல் அதன் சோற்றுப் பானையை எடுத்துவிடும் வேலை. இந்த நுட்பம் நமக்கும் புதிதல்ல. பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டுத் தோட்டங்களைச் சூறையாடியபோது 2010-இல் இப்படி ஒரு குளவிதான் அதை அடக்கியது.

அதே மஞ்சள் எறும்பு 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் பெருகியது. ஆடுமாடுகளின் கண்ணைத் தாக்குவதாகவும், மேய்ச்சலுக்கு மலையேற முடியவில்லை என்றும் விவசாயிகள் சொன்னார்கள். அவர்களிடம் போய் எறும்பும் ஓர் உயிர்தானே என்று நான் பேச மாட்டேன். மேய்ச்சலே பிழைப்பாக இருப்பவருக்கு அது சோற்றுக்கும் வாழ்வுக்குமான சண்டை. செய்ய வேண்டியதைச் செய்தே ஆக வேண்டும். ஆனால் அங்கேயும் எறும்பு எதைத் தின்று பெருகுகிறது, எந்தச் சரக்கோடு வந்தது, காட்டில் எது குறைந்ததால் அதற்கு இடம் கிடைத்தது என்று கேட்காத எந்த மருந்தும் அடுத்த பருவத்துக்கு நிற்காது.

வீட்டுக்குள் நஞ்சே வேண்டாம் என்று நான் விரதம் எடுக்கவில்லை. கேரம் பலகைக்குப் போடும் போரிக் பவுடர் மருந்துக் கடையில் கிடைக்கிறது. நூறு மில்லி தண்ணீரில் பத்துக் கிராம் சர்க்கரையும் ஒரே ஒரு கிராம் பவுடரும் கரைத்துப் பஞ்சில் நனைத்து, துளையிட்ட மூடி போட்ட டப்பிக்குள், குழந்தைக்கும் நாய் பூனைக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அவசரப்பட்டுப் பவுடரைக் கூட்டினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், பயனில்லை. எறும்புக்கு இரண்டு இரைப்பைகள். ஒன்று தனக்கு, முன்னால் இருக்கும் இன்னொன்று ஊருக்கு. ஊர் இரைப்பையில் நிரப்பிக்கொண்டு போனதை அது வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கு ஊட்டுகிறது. குஞ்சுக்கும் ராணிக்கும் போய்ச் சேர நாள் பிடிக்கும். அந்த நாட்களில் வரிசை பெருக்கத்தான் செய்யும். அதைப் பார்த்துக்கொண்டு கை வைக்காமல் இருக்கத் தெரிய வேண்டும். பகிர்ந்துண்ணும் குணத்தின் வழியாகவே அவற்றைக் கொல்கிறோம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் மற்ற எல்லாம் தோற்ற பிறகே அந்த டப்பியை எடுக்கிறேன். அதற்கு முன் துடைத்து, மூடி, விரிசல் அடைத்து, தண்ணீர்த் தட்டு வைத்துப் பார்க்கிறேன். பத்தில் எட்டு முறை அதுவே போதும்.

*

எறும்பு சேதி கொண்டுவரும் என்பதை நம் முன்னோர் பெரிதாக விளக்கவில்லை, இயல்பாக எடுத்துக்கொண்டார்கள். புறநானூற்றின் 173-ஆம் பாட்டில், சிறுகுடிப் பண்ணன் வீட்டில் சோற்றைக் கையில் ஏந்திச் சாரிசாரியாகப் போகும் பிள்ளைகளைப் பார்க்கிற சோழன் கிள்ளிவளவனுக்கு, மழை வருமுன் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறும் எறும்பு வரிசை நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊரில் இன்றும் எறும்பு திட்டை ஏறினால் மழை என்பார்கள். திருவெறும்பூர் மலைக்கோயிலின் கதையும் எறும்பு ஏறிய கதைதான். அசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் எறும்பாகி வந்தார்களாம். ஏற முடியாமல் வழுக்கியபோது லிங்கம் மண்புற்றாகி, அவை ஏறுவதற்குத் தோதாகச் சற்றே சாய்ந்து கொடுத்ததாம். சின்ன வயதில் அந்தச் சாய்வைப் பார்ப்பதற்காகவே மலையேறுவேன். வந்திருப்பது யார் என்று தெரியும்வரை கையை ஓங்காதே என்றுதான் அந்தக் கதை எனக்குள் தங்கியிருக்கிறது.

மழைக்காலத்தில் எறும்பு வீட்டுக்குள் ஏறுவது பேராசையால் என்று நினைக்கிறோம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டெபோரா கார்டனும் அவருடைய குழுவினரும் கலிஃபோர்னிய வீடுகளை மாதக்கணக்கில் கவனித்து 2001-இல் எழுதினார்கள். குளிர்கால மழையும் கோடை வறட்சியும் வெளியே வாட்டும்போதுதான் அங்குள்ள எறும்பு வீட்டுக்குள் வருகிறது, வெளியே இதமானதும் தானே போய்விடுகிறது. மருந்தடிப்பதைவிட வானிலைக்கே அதில் பெரிய பங்கு. கூட்டில் வெள்ளம் புகுந்துவிட்ட அகதிகளாக நம் சுவரேறும் வரிசைகளையும் பார்க்கலாம். சில வாரம் பொறுத்து, சோற்றையும் சர்க்கரையையும் மூடி வைத்தால் போதும்.

போன ஐப்பசி அடைமழையில் அடுப்படிச் சுவரில் ஒரு வரிசை கிளம்பியது. அம்மாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது, கண்ணில் புரை. நான் சோப்புத் தண்ணீரை எடுத்தேன்.

"துடைக்காத, இரு" என்றார் அம்மா. "மொதல்ல எங்கேருந்து வருதுன்னு பாரு."

டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். சிங்க் அடியில், குழாய் சுவருக்குள் புகும் இடத்தில் சிமெண்டு பொரிந்து ஒரு விரல் போகும் அளவு பிளவு. உள்ளே கையை விட்டால் ஈரம். குழாய் கசிந்து சுவர் மாதக்கணக்கில் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு நேர் மேலே மின்சாரப் பெட்டி. மறுநாள் பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் வந்தார்கள். குழாயை மாற்றி, சுவர் காய்ந்ததும் பிளவை வெள்ளைச் சிமெண்டால் அடைத்தேன். அடைப்பதற்கு முன் இரண்டு நாள் விட்டுவைத்தேன். உள்ளே இருந்தவை குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு புழக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

வேலை முடிந்து கை கழுவும்போது அம்மா கேட்டார்: "பாத்ரூம்ல ஏதாவது மொய்க்குதா?"

நோய் தெரிந்தபோது அப்பாவுக்கு இருந்த வயதை நான் இப்போது தாண்டிவிட்டேன். ரத்தப் பரிசோதனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறேன், அம்மாவுக்கும் தெரியும். இருந்தாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இல்லை என்றேன்.